இருபது பைட்டில் திருச்செங்கோடு



பழைய கருப்புத் திரை புரோகிராம்களில் உலக மொழிகளின் எழுத்துகளைக் காட்டுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். உலகம் முழுவதையும் இழுத்துப்போட எனக்கு வசதி போதாது. சேலம், நாமக்கல் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். தேவைப்படும் இடத்தில் உலகம் தானாக உள்ளே வரும்.

1990களில் செவ்வாய்ப்பேட்டை மண்டியிலும், நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸிலும், திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளியின் அறையிலும் கம்ப்யூட்டர் என்றால் ஒரே காட்சிதான். கருப்புத் திரை. அதில் ஃபாக்ஸ்புரோவிலோ கிளிப்பரிலோ எழுதிய பில்லிங். பக்கத்தில் கர்கர் என்று இழுக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். நானும் அந்தப் புரோகிராம்களை எழுதிப் பிழைத்தவன்தான். ஜவ்வரிசி மூட்டைக்கும், நூல் பண்டலுக்கும், கோழித் தீவனத்துக்கும், லாரி டயருக்கும் பில் போட்டுத் தந்தோம். விற்பவர் தமிழர், வாங்குபவர் தமிழர், மூட்டை தூக்குபவர் தமிழர். பில் மட்டும் ஆங்கிலம். கேட்டால், "கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாதுங்க" என்பார்கள். அதற்கு ஆங்கிலமும் தெரியாது. எண் தெரியும், அந்த எண்ணுக்கு எந்தப் படத்தைப் போடுவது என்று ஓர் அட்டவணை தெரியும், அவ்வளவுதான்.

எழுத்தைத் திரையில் காட்டுவது ஒரு வேலை. அதைக் கோப்பில் வைத்திருப்பது இன்னொரு வேலை. நம்மவர்கள் முதல் வேலையில் காட்டிய சாமர்த்தியத்தை இரண்டாவதில் காட்டவில்லை என்பது என் வாதம். அதன் பலனை இந்த மாவட்டங்களின் பழைய கணக்குக் கோப்புகளில் இன்றும் பார்க்கலாம்.

முதலில் அந்தத் திரையை உள்ளே போய்ப் பார்ப்போம். ஐபிஎம் பிசி வெளிவந்தது 1981 ஆகஸ்டில். நம் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதும் அதே 1981தான். இரண்டுக்கும் சம்பந்தம் ஏதுமில்லை, சேலத்துக்காரனுக்கு ஆண்டை நினைவில் வைக்க வசதி. அந்த பிசியின் எழுத்துத் திரை குறுக்கே 80 கட்டம், நெடுக்கே 25 வரி. மொத்தம் 2,000 கட்டங்கள். நாமக்கல் பண்ணையில் முட்டை அடுக்கும் டிரேயை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு குழிக்கு ஒரு முட்டை, எல்லாக் குழியும் ஒரே அளவு. ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைவகத்தில் இரண்டு பைட். ஒன்று எந்த எழுத்து என்பதற்கு, மற்றது என்ன நிறம் என்பதற்கு. ஆக 4,000 பைட்டில் முழுத் திரையும் அடங்கிவிடும். இயந்திரம் மெதுவாக ஓடினாலும் திரை சட்டென்று மாறியதற்குக் காரணம் இந்தச் சிக்கனம்.

எழுத்துக்கு ஒரு பைட் என்றால் 256 வடிவங்கள்தான். முதல் பாதியில் ஆஸ்கி, அதாவது ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி. அதிலும் முதல் 32 இடங்கள் பிரிண்டருக்கும் தந்திக்கும் கட்டளை சொல்ல ஒதுக்கியவை. ஐபிஎம்காரர்கள் அந்த இடங்களுக்கும் வடிவம் கொடுத்தார்கள். என்ன வடிவம்? சிரிக்கும் முகம் இரண்டு, சீட்டுக்கட்டின் ஆட்டின், டைமண்ட், கிளாவர், ஸ்பேடு, இசைக்குறி இரண்டு. மேல் பாதியில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய மொழிகளுக்கு வேண்டிய சில எழுத்துகள், கணக்குக்கான கிரேக்க எழுத்துகள், கட்டம் போடும் கோடுகள். இந்தத் தொகுப்புக்குக் கோடு பேஜ் 437 என்று பெயர். ரம்மி ஆடுபவனுக்கு அதில் இடம் இருந்தது, ரஷ்யனுக்கு இல்லை என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

ரஷ்யர்களுக்கு வழி பிறந்தது. 1987இல் வந்த டாஸ் 3.3, கோடு பேஜை மாற்றிக்கொள்ள வசதி தந்தது. மேற்கு ஐரோப்பாவுக்கு 850, கிழக்கு ஐரோப்பாவின் லத்தீன் எழுத்து மொழிகளுக்கு 852, ரஷ்யனுக்கு 866. மேல் பாதி 128 வடிவங்களைக் கழற்றிவிட்டு வேறு 128ஐ மாட்டுவது. டிரேயை மாற்றவில்லை, முட்டையை மாற்றினார்கள். ரஷ்ய எழுத்தும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே அகலத்தில், வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போவதால் எந்தப் புரோகிராமும் திருத்தம் கேட்கவில்லை. இந்திய மொழிகளுக்கு அப்படி ஒரு கோடு பேஜ் டாஸில் வரவில்லை.

வந்திருந்தாலும் அப்படியே பொருந்தியிருக்காது. 'கொ' என்று எழுதிப் பாருங்கள். கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால். சொல்லும்போது ஓர் எழுத்து, எழுதும்போது மூன்று துண்டு. 'ட' ஒல்லி, 'ணௌ' என்றால் பந்திப் பாய் விரித்த மாதிரி நீளம். புள்ளி மேலே ஏறும், 'கூ', 'ளூ' போன்றவை பக்கத்திலும் கீழேயும் வளையும். திரையை ஓட்டும் விஜிஏ கார்டில் ஓர் எழுத்துக்குக் கிடைத்த இடம் எட்டுப் புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம். இடைவெளிக்காக ஒன்பதாவதாக ஒரு புள்ளி உண்டு. கட்டம் போடும் கோடுகள் விட்டுப்போகாமல் சேர வேண்டும் என்பதற்காக அந்த வகை எழுத்துகளுக்கு மட்டும் ஒன்பதாவது புள்ளியை எட்டாவதைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும். மற்ற எல்லாவற்றுக்கும் அது வெற்றிடம். 'ணை'யை இரண்டு கட்டத்தில் பிரித்து வைத்தால் நடுவில் ஒரு கீறல் விழும்.

ஆனால் தமிழுக்கு ஒரு வசதி இருந்தது, இந்திக்கு இல்லாதது. 247 எழுத்து என்று பள்ளியில் படித்தோம், சரி. வடிவங்களை எண்ணிப் பாருங்கள். உயிரும் ஆய்தமும் 13. அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தது 18. உகர, ஊகார வரிசைகள் தனித்தனி வடிவம் என்பதால் 36. ஆக 85. கால், கொம்பு, இகர ஈகாரக் குறிகள், 'டி', 'டீ', கிரந்த எழுத்துகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் 128க்குள் ஒரு வழியாக அடக்கிவிடலாம். தேவநாகரியின் கூட்டெழுத்துகளை அப்படி அடக்க முடியாது. 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியதும் இதற்குக் கைகொடுத்தது. பழைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 தனி வடிவங்கள் ஒரே வீச்சில் போயின. பெரியார் 1935லேயே குடி அரசில் அதை நடைமுறைப்படுத்தியபோது அச்சுக்கோப்பவரின் சிரமத்தையும் எண்ணினார். அரை நூற்றாண்டு கழித்து அது 128 இடம் கொண்ட அட்டவணைக்கு உதவியது.

இந்த வசதிதான் நம்மைத் தனிவழியில் இழுத்துப்போனது என்று நினைக்கிறேன். இந்திக்காரர்கள் வேறு வழியின்றி யோசித்து ஒரு முறையைக் கட்டினார்கள். நாம் அடங்குகிறதே என்று அடைத்துவிட்டோம்.

அந்த இந்திக்காரர்கள் கட்டிய முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. கான்பூர் ஐஐடியில் 1980களின் தொடக்கத்தில் தேவநாகரி முனையம் ஒன்றை உருவாக்கினார்கள். அதிலிருந்து வளர்ந்தது ஜிஸ்ட் தொழில்நுட்பம். மோகன் தாம்பே அதன் முக்கியக் கை. 1988இல் புணேயில் சி-டாக் தொடங்கியபின் அந்தப் பணி அங்கே போனது. ஜிஸ்ட் கார்டு என்று ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள் செருகுவார்கள். டிபேஸோ லோட்டஸோ வேர்ட்ஸ்டாரோ வழக்கம்போல் பைட்டுகளைத் திரைக்கு அனுப்பும். நடுவில் இந்தக் கார்டு உட்கார்ந்து அதைப் பிடித்து, இந்திய எழுத்தாகக் கோத்து வரைந்துவிடும். புரோகிராமுக்கு ஒன்றும் தெரியாது, தான் ஏதோ ஆங்கிலம் எழுதியதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

கோப்பில் அது வைத்தது இஸ்கி என்ற குறிமுறை. 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதை ஐஎஸ் 13194 என்று தரமாக்கியது. கீழ்ப்பாதி ஆஸ்கி, மேல்பாதியில் பிராமி வழி வந்த இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான எண்கள். ககரத்துக்கு ஓர் எண். அதைத் தமிழாகக் காட்டு என்றால் தமிழ், தெலுங்காகக் காட்டு என்றால் தெலுங்கு. 'கெ' என்பதை ககரம் முதலில், எகரக் குறி பின்னால் என்று நாம் ஒலிக்கும் வரிசையிலேயே வைத்தார்கள். கொம்பை முன்னால் தள்ளி வரைவது கார்டின் பொறுப்பு. காட்டுவதையும் வைப்பதையும் பிரித்த அறிவு இதுதான். இன்றைய யூனிகோடின் இந்தியப் பகுதிகள் இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை ஒட்டி அமைந்தவை. தமிழ்ப் பகுதியில் ஆங்காங்கே ஓட்டைகள் இருப்பதன் காரணமும் அதுவே: வர்க்க எழுத்துகள் உட்காரும் இடம் நமக்குக் காலி.

ஆனால் ஜிஸ்ட் கார்டைத் தனியாக வாங்க வேண்டும், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் வாங்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டைக் கடையில் அதை யார் வாங்குவார்? நான் விற்றுப் பார்க்க முயன்றதில்லை, பதில் தெரிந்த கேள்வி அது. கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: "பேரு எப்படியோ இருந்துட்டுப் போகட்டுங்க, டோட்டல் சரியா வந்தாப் போதும்."

அப்படித்தான் இந்தப் பக்கத்தில் மிகப் பரவலான தீர்வு பிறந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது. காசு செலவில்லை, கார்டு வேண்டாம். ஆனால் திருச்செங்கோட்டை ஒருவர் டி-யில் தொடங்குவார், ஒருவர் டிஎச் போடுவார், இன்னொருவர் நடுவெழுத்துகளை விழுங்கி ட்ரிச்செங்கோடு ஆக்கிவிடுவார். சங்ககிரியும் சங்கரியும் கோப்பில் இரண்டு ஊர். இளம்பிள்ளை ஐ-யிலும் இருக்கும், ஈ-யிலும் இருக்கும். பகல் ஆபரேட்டர் போட்ட பார்ட்டி பெயரை இரவு ஆபரேட்டர் தேடுவார், கிடைக்காது, புதிதாக ஒன்றைத் திறந்துவிடுவார். ஒரே ஆளுக்கு இரண்டு லெட்ஜர். மார்ச் மாதக் கடைசியில் ஆடிட்டர் வந்து உட்கார்ந்ததும் வெடிக்கும். இது ஏதோ கடைக்காரர்களின் அலட்சியம் என்று எண்ணாதீர்கள். 2020 ஜூனில் தமிழக அரசே 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, கிளம்பிய விமர்சனத்தில் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. இருபத்தாறு எழுத்துக்குள் நம் ஊர்ப் பெயரை அடக்குவதில் கோட்டையே தடுமாறும்போது புக்கிங் கிளார்க்கை என்ன சொல்ல?

சிலர் துணிந்து தமிழையே திரைக்குக் கொண்டுவந்தார்கள். கனடாவில் இருந்த முனைவர் சீனிவாசன் 1980களிலேயே ஆதமி என்ற தமிழ்ச் சொற்செயலியை டாஸில் ஓட்டினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசுவைத் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான். இவை தமிழ் எழுதுவதற்கென்றே பிறந்தவை. நம் பிரச்சினை வேறு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பில்லிங் புரோகிராமில் தமிழைப் புகுத்த வேண்டும்.

இஜிஏ, விஜிஏ கார்டுகளில் அதற்கு ஒரு கதவு திறந்திருந்தது. எழுத்து வடிவங்களை நாமே வரைந்து கார்டில் ஏற்றலாம். கோடு போட்ட நோட்டில் எட்டுக்குப் பதினாறு கட்டம் வரைந்து, பென்சிலால் நிரப்பி, வரிக்கு ஒரு பைட்டாகக் கூட்டி எழுதுவோம். 'ழ'வின் அடிவால் எட்டுப் புள்ளிக்குள் படுத்தும் பாடு இருக்கிறதே, அது ஒரு தனி வித்தை. மேல்பாதி 128 இடங்களில் தமிழை ஏற்றிவிட்டு ஃபாக்ஸ்புரோவைத் திறந்தால் மெனுவைச் சுற்றியிருந்த கோடெல்லாம் தமிழ் எழுத்தாக மாறி நிற்கும். கட்டம் போடும் கோடுகள் உட்கார்ந்திருந்ததும் அதே மேல்பாதியில்தானே. பில்லின் நான்கு ஓரமும் 'ஞூஞூஞூ' என்று அணிவகுக்கும். இதற்கும் ஒரு தப்பிக்கும் வழி உண்டு. விஜிஏ ஒரே நேரத்தில் இரண்டு தொகுப்பு வைத்துக்கொள்ளும், 512 வடிவம். எந்தத் தொகுப்பு என்று சொல்ல நிறத்துக்கான பைட்டிலிருந்து ஒரு பிட்டைப் பிடுங்கிக்கொள்ளும். எழுத்தின் நிறம் பதினாறிலிருந்து எட்டாகக் குறையும். தமிழுக்காக எட்டு நிறத்தை விட்டுக்கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அப்படிச் செய்தால் பொட்டு வைத்தது போல் பளீரென்று தெரிய வேண்டிய 'பாக்கித் தொகை' மங்கிவிடும் என்று முதலாளிகள் ஒப்பவில்லை.

திரையில் வந்தால் பேப்பரில் வர வேண்டுமே. ஒன்பது ஊசி பிரிண்டரில் ஒரு வரிக்கு ஒன்பது புள்ளி உயரம். ஆங்கிலத்துக்கு ஏழும், கீழ்வாலுக்கு இரண்டும் போதும். புள்ளிக்கும் கீழ்வளைவுக்கும் சேர்த்து நமக்குப் போதாது. ஒரு வரியை இரண்டு ஓட்டத்தில் படமாக அடிக்க வேண்டும். தமிழில் பில் போட்ட கடைகளில் கவுண்டரில் கூட்டம் சேர்ந்தது, அடுத்த வாரமே ஆங்கிலத்துக்குத் திரும்பினார்கள்.

விண்டோஸ் வந்ததும் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். இனி ஃபான்ட் போதும்! பாமினி வந்தது, இன்னும் எத்தனையோ வந்தன. பாமினி என்ன செய்கிறது? ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவத்தை வைக்கிறது. 'சேலம்' என்று திரையில் அழகாகத் தெரியும். கோப்பில் இருப்பது பெரிய என், சின்ன ஆர், ஒய், கே, ஓர் அரைப்புள்ளி. ஃபான்டை எடுத்துவிட்டால் அதுதான் தெரியும். ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் கோப்பு எந்த ஃபான்டில் அடித்தது என்று எங்கும் எழுதிவைப்பதில்லை. வெறும் பைட்டுகளைத்தான் வைக்கும். அதை அறிந்தவர் அந்த ஆபரேட்டர் மட்டுமே. அவர் இப்போது திருப்பூரில் வேறு வேலையில் இருப்பார்.

அகர வரிசை கேட்டால் இன்னும் வேடிக்கை. பாமினியில் ஏகாரக் கொம்பு எழுத்துக்கு முன்னால் தனி எழுத்தாக, பெரிய என்னாக, உட்கார்ந்திருக்கிறது. ஊர் வாரியாகப் பட்டியல் போடச் சொன்னால் சேலம், மேட்டூர், தேவூர், மேச்சேரி, சேந்தமங்கலம், பேளுக்குறிச்சி எல்லாம் ஒரே கும்பலாக வந்து நிற்கும். சகரத்தைத் தேடிப் போனால் சங்ககிரி இருக்கும், சேலம் இருக்காது. கண்ணுக்குத் தமிழ், கணக்குக்கு அது ஆங்கிலக் குப்பை. கோபமாகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். அந்த ஃபான்டுகளை வரைந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்கள் இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகைகூடக் கம்ப்யூட்டரில் வந்திருக்காது. பத்திரிகை அச்சடித்ததும் அதன் வேலை முடிந்தது. லெட்ஜர் அப்படியல்ல, பத்து ஆண்டு கழித்தும் அதைத் தேட வேண்டும். இரண்டுக்கும் ஒரே கருவியை எடுத்ததுதான் வினை.

இதை உலகத் தமிழர்கள் உணர்ந்து கூடியது 1997இல், சிங்கப்பூரில், நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் மாநாட்டில். லோசானிலிருந்து கல்யாணசுந்தரமும் முத்து நெடுமாறனும் பிறரும் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கியது டிஸ்கி: கீழே ஆங்கிலம் அப்படியே, மேலே தமிழ் வடிவங்கள். 1999 பிப்ரவரியில் சென்னை மாநாடு. அங்கே டாப், டாம் என்று இரண்டு குறிமுறையும் தமிழ்99 விசைப்பலகையும் பிறந்தன. ஒரு தரம் வேண்டும் என்று கூடி மூன்று தரத்தோடு பிரிந்தார்கள் என்று கேலி செய்வதுண்டு. ஆனாலும் நூறு ஃபான்டுக்கு நூறு முறை என்ற நிலையைவிட மூன்று எவ்வளவோ மேல். தமிழ்99 விசைப்பலகை இன்றும் நிற்கிறது, இந்தப் பேச்சை அதில்தான் தட்டினேன். 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. கூடவே டேஸ்-16 என்ற முறையும், எல்லா உயிர்மெய்க்கும் தனித்தனி எண் கொடுப்பது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் கைப்பேசி பேசுவது யூனிகோடு.

சரி, யூனிகோடு வந்ததும் கருப்புத் திரையின் கதை முடிந்ததா? இல்லை. 1991 அக்டோபரில் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. அடுத்த ஆண்டு கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் மேசைவிரிப்புத் தாளில் யுடிஎஃப்-8ஐ வரைந்தார்கள். ஆங்கிலத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்.

இப்போது 'சேலம்' என்ற சொல்லை எண்ணுவோம். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறி: சகரம், ஏகாரக் குறி, லகரம், மகரம், புள்ளி. யுடிஎஃப்-8இல் 15 பைட். அந்தக் கோப்பை அப்படியே பழைய டாஸில் டைப் கட்டளையில் திறந்தால் பதினைந்து கட்டம் நிரம்பும். முதலில் கிரேக்க ஆல்ஃபா, பிறகு இடப்பக்கம் பார்க்கும் இரட்டைக் கோணம், தலையில் இரு புள்ளி வைத்த யூ. மறுபடி ஆல்ஃபா, வலப்பக்கம் பார்க்கும் இரட்டைக் கோணம், வால் முளைத்த சி. மறுபடி ஆல்ஃபா. தமிழ்க் குறி எல்லாமே கோடு பேஜ் 437இல் ஆல்ஃபாவில்தான் தொடங்கும். இந்த ஆல்ஃபா ஊர்வலத்தைப் பார்த்தால் பயப்படாதீர்கள். உள்ளே இருப்பது நல்ல தமிழ். தப்பான அட்டவணையில் படிக்கிறீர்கள், அவ்வளவே. வெறும் சதுரக் கட்டங்களாகத் தெரிந்தாலும் பயமில்லை, ஃபான்ட் இல்லை என்று பொருள். வரிசையாகக் கேள்விக்குறி தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். யூனிகோடு அறியாத ஒரு புரோகிராமில் ஒட்டி, சேமித்தும் விட்டார்கள் என்று அர்த்தம். விஷுவல் ஃபாக்ஸ்புரோ கடைசிவரை யூனிகோடு அறியாமலே ஓய்வு பெற்றது. அதில் விழுந்த கேள்விக்குறியிலிருந்து எந்த வித்தகனும் தமிழை மீட்க முடியாது.

இனி திருச்செங்கோடு. ஏழு எழுத்து, பதினான்கு குறி, 42 பைட். ஊர்ப் பெயருக்கு 20 பைட் என்று நாங்கள் அந்தக் காலத்தில் தாராளமாகவே ஒதுக்கினோம். ஆங்கிலத்தில் எப்படி அடித்தாலும் இடம் மிஞ்சும். அந்தக் களத்தில் யுடிஎஃப்-8 தமிழை ஊற்றினால் 'திருச்' என்பதோடு 18 பைட் தீர்ந்துவிடும். மீதி இரண்டு பைட்டில் அடுத்த சகரத்தின் பெரும்பகுதி மாட்டிக்கொள்ளும். மூன்றில் இரண்டு பைட் மட்டும் உள்ள எழுத்து எந்த எழுத்தும் இல்லை. கருப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி என்று திரையில் நிற்கும். 'திருச்'சுக்குப் பின் அந்த வைரம் தெரிந்தால் பார்ட்டி திருச்சியா, திருச்செங்கோடா, திருச்செந்தூரா? சரக்கு ஏற்றிய லாரி எந்தப் பக்கம் திரும்பும்? கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் இதே கணக்குதான். ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழ் கலந்தால் 70. கோழிப் பண்ணைக்காரருக்கு முட்டை விலை ஆங்கில எழுத்திலேயே வந்துகொண்டிருந்ததற்கு இந்த 70க்கும் பங்கு உண்டு.

மாணவர்கள் கேட்கலாம், இன்றைய லினக்ஸ் முனையத்தில் எல்லாம் சரியாகிவிட்டதே என்று. ஜன்னல் முனையங்கள் பல தேவலை. ஆனால் வரைகலை இல்லாத வெறும் லினக்ஸ் கன்சோல் இன்றும் 512 வடிவம் என்ற விஜிஏ காலத்து வரம்போடுதான் இருக்கிறது, எழுத்துகளைக் கோத்து வரையவும் அதற்குத் தெரியாது. முனையத்துக்குள்ளும் அந்த 80 கட்டம் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு குறிக்கும் எத்தனை கட்டம் என்று ஒரு பட்டியல் வேண்டும். கேம்பிரிட்ஜின் மார்க்கஸ் கூன் எழுதிப் பொதுவில் வைத்த சிறு நிரலைப் பல முனையங்கள் அடியொற்றின. யூனிகோடு தமிழ் உயிர்க்குறிகளைப் பிரித்த விதத்தில் இகரக் குறி இடம் பிடிக்கும் வகை, ஈகாரக் குறி இடம் பிடிக்காத வகை. ஆகவே 'கி'க்கு இரண்டு கட்டம், 'கீ'க்கு ஒரு கட்டம். குறிலுக்கு நெடிலைவிட இரு மடங்கு இடம்! சேலம் மூன்று எழுத்து, ஐந்து குறி, 15 பைட், நான்கு கட்டம். நான்கு கணக்கும் நான்கு விதம். தமிழ்ப் பெயர்ப் பட்டியலை முனையத்தில் நேர் பத்தியாக அடுக்க முயன்ற எவருக்கும் வலப்பக்கத் தொகைப் பத்தி ஏன் கோணுகிறது என்று இப்போது புரிந்திருக்கும். எழுத்துக் கணக்கு வேண்டுமானால் பைத்தானின் நீளம் காட்டும் கட்டளையை நம்பாதீர்கள். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் செய்த ஓப்பன்-தமிழ் நிரலகம் சொல்லை நம் எழுத்துகளாகவே பிரித்துத் தரும்.

கடைசியாக, வணிக நண்பர்களுக்கும் கூட்டுறவுச் சங்க அலுவலர்களுக்கும் காரியத்துக்கு ஆகும் சில செய்திகள். உங்கள் பழைய கோப்புகள் டிஸ்கியில் இருந்தால் அதிர்ஷ்டம். லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் வசதி 2002 முதலே உள்ளது. ஐகான்வ் என்ற கட்டளையை ஒரு வரி அடித்தால் முன்னால் இருந்த கொம்பைப் பின்னால் நகர்த்தி, ஒலிப்பு வரிசையில் வைத்துத் தரும். பாமினியானாலும் மாற்றும் கருவிகள் உண்டு. எந்த ஃபான்ட் என்று தெரியாவிட்டால் பழைய பில் ஒன்றை எடுத்து, தெரிந்த பெயரைக் கோப்பில் உள்ள எழுத்துகளோடு ஒப்பிடுங்கள். பத்துப் பெயரில் அட்டவணை பிடிபட்டுவிடும். ஆங்கிலப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒரே களத்தில் கலந்து கிடந்தால் மொத்தமாக மாற்றாதீர்கள். உண்மையான ஆங்கிலப் பெயர்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். களத்தின் அகலத்தைக் குறைந்தது மூன்று மடங்காக்கிவிட்டே ஊற்றுங்கள். மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊருக்கென்றே உள்ளது. இங்கே கடைப் பெயர் பாதிக்குப் பாதி 'ஸ்ரீ'யில்தான் தொடங்கும். அதை ஸகரம் போட்டும் கோக்கலாம். 2005இல் யூனிகோடு 4.1இல் புதிதாகச் சேர்த்த 'ஶ' போட்டும் கோக்கலாம். திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி தெரியும், கோப்பில் வேறு வேறு. 'கொ'வை இரண்டு விதமாக அடித்தால் யூனிகோடின் சீராக்கும் விதி ஒன்றாக்கிவிடும். 'ஸ்ரீ'க்கு அப்படி விதி கிடையாது. ஆகவே பார்ட்டி கிடைக்கவில்லை என்று புது லெட்ஜர் திறக்குமுன் இரண்டு ஸ்ரீயிலும் தேடிப் பாருங்கள். நேரம் இருக்கிறது, கேள்விகளைக் கேளுங்கள்.